ரப்பர் தீயும் வாடை: காரில் எது எங்கே வழுக்குகிறது?

கொடைக்கானல் மலைப்பாதையில் ஏறும்போது காருக்குள் ரப்பர் தீயும் வாடை வந்தால் முன்சீட்டில் இருப்பவர் "கிளட்ச் போச்சு" என்பார். பின்சீட்டில் இருப்பவர் "பெல்ட்டாத்தான் இருக்கும்" என்பார். ஓரமாக நிறுத்தினால் டீக்கடை அண்ணன் வந்து டயரைக் காலால் தட்டிப் பார்த்து, "பிரேக் பிடிச்சிருக்கு தம்பி" என்பார். மூவரும் சொல்வது நடக்கக்கூடியதுதான். ஆனால் மூவரும் வாடையை மட்டும் வைத்துப் பேசுகிறார்கள். சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

எங்கள் வீட்டில் இது நடந்தது. நான் தினமும் திருமங்கலம் போய்த் திரும்புகிறவன். சில மாதங்களாக, மதுரை பழங்காநத்தத்தில் வீட்டு வாசலில் காரை நிறுத்தி இறங்கியதும் ஒரு தீய்ந்த வாடை. ஒரு பட்டறையில் காட்டினேன். பானெட்டைக்கூடத் திறக்காமல் கிளட்ச் பிளேட் எரிந்துவிட்டது என்றார்கள். மாற்றினேன், பில் ஐந்து இலக்கத்தில் வந்தது. மூன்றாம் நாள் அதே வாடை. அப்புறம் பக்கத்துத் தெரு மெக்கானிக் அண்ணன் ஒருவர் வந்தார். எதையும் கழற்றுவதற்கு முன் ஒன்றுதான் கேட்டார்: "வாடை எப்ப வருது தம்பி? கிளம்பும்போதா, ஓடி நின்ன பிறகா?" நின்ற பிறகு என்றேன். நான்கு சக்கரத்துக்கும் பக்கத்தில் புறங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டே சுற்றி வந்தார். பின்பக்க இடது சக்கரத்தில் கை நின்றது. ஹேண்ட் பிரேக் கேபிள் துருப்பிடித்து, லிவரை இறக்கினாலும் அந்த ஒரு சக்கரத்தை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

அந்தக் கேள்வியை நாமே எப்படிக் கேட்டுக்கொள்வது, கிடைக்கும் பதிலை எப்படிப் புரிந்துகொள்வது என்பதை வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாதவருக்கும் விளங்கும்படி எழுதப் பார்க்கிறேன்.

கிரைண்டர் பெல்ட்டில் தொடங்கலாம்

பழைய மாடல் கிரைண்டர் ஓடிப் பார்த்திருப்பீர்கள். கீழே மோட்டார், மேலே கல், நடுவில் ஒரு பெல்ட். அரிசியை அளவுக்கு மேல் போட்டுத் தண்ணீரைக் குறைத்துவிட்டால் கல் திணறும். மோட்டார் நிற்காது. அதன் சின்னச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும், பெல்ட் கூடவே வராமல் நழுவும். கொஞ்ச நேரத்தில் அடுப்படி முழுக்க வாடை. அம்மா ஓடி வந்து சுவிட்சை அணைப்பார். காரில் வரும் வாடையும் பெரும்பாலும் இதே கதைதான்.

சேர்ந்து நகர வேண்டிய இரண்டு பரப்புகள் சேராமல் ஒன்றின்மேல் ஒன்று நழுவுவதை வழுக்கல் என்று வைத்துக்கொள்வோம். கிணற்றில் வாளியை இறக்கும்போது கயிற்றைக் கை மாற்றி மாற்றிப் பிடித்தால் கை சுடாது. கயிறு கைக்குள் நழுவி ஓடினால் உள்ளங்கைத் தோல் உரிந்துவிடும். கயிறும் அதேதான், கையும் அதேதான். நழுவியது ஒன்றுதான் வித்தியாசம். எவ்வளவு அழுத்தம், எவ்வளவு வேகம், எவ்வளவு நேரம் என்ற மூன்றும் கூடக்கூடச் சூடும் கூடும்.

இதற்கு நேர்மாறான நிலையும் காரில் உண்டு. விலகியே இருக்க வேண்டிய இரண்டு பொருள்கள் உரசிக்கொண்டிருக்கும். எங்கள் ஹேண்ட் பிரேக் அந்த வகை.

ஆக, சேர வேண்டியது சேராவிட்டாலும் வாடை வரும், விலக வேண்டியது விலகாவிட்டாலும் வாடை வரும். முதல் வகையில் பெல்ட்டும் கிளட்சும் வரும். இரண்டாவதில் பிரேக்கும் டயரும் வரும். இந்த இரண்டிலும் சேராத சில காரணங்களைக் கடைசியில் பார்ப்போம்.

மூக்கால் ஏன் பிரித்துச் சொல்ல முடிவதில்லை

ரப்பர் மரத்துப் பாலை அப்படியே உறைய வைத்தால் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். அதில் கந்தகம் கலந்து சூடாக்கினால் உறுதியும் இழுவையும் வருகின்றன. இதை 1839-இல் அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்தார். பைபாஸ் ரோடு ஓரங்களில் பஞ்சர் கடைப் போர்டில் 'வல்கனைசிங்' என்று எழுதியிருக்கிறதே, அந்தச் சொல் குறிப்பது இதைத்தான். இப்படிப் பக்குவப்பட்ட ரப்பர், மெழுகு போல உருகி மறுபடி உறைவதில்லை. அதிகச் சூட்டில் சிதைகிறது. அப்போது வெளியேறும் கந்தகச் சேர்மங்கள்தாம் அந்தக் காட்டமான வாடைக்கு முக்கியக் காரணம்.

ஆனால் கிளட்ச் பிளேட்டும் பிரேக் பேடும் பெரும்பாலும் ரப்பர் கிடையாது. நார், உலோகத்தூள் போன்றவற்றைப் பிசினால் இறுக்கிச் செய்தவை. அந்தப் பிசின் கருகும்போதும் நமக்கு ரப்பர் போலத்தான் படும். ஒயரின் மேல் உறை கருகினாலும், சைலன்சரில் பாலித்தீன் பை ஒட்டினாலும் நாம் சொல்லும் பேர் 'ரப்பர் வாடை'தான். ஏதோ ஒன்று அளவுக்கு மேல் சூடாகிறது என்பது வரைக்கும் மூக்கை நம்பலாம். எது என்பதை, வாடை வரும் நேரத்தையும் இடத்தையும் வைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

பெல்ட்: ஏசி போட்டால் கூடுகிறதா?

பானெட்டைத் திறந்தால் என்ஜினின் ஒரு பக்கத்தில் நீளமான கறுப்பு பெல்ட் பல சக்கரங்களைச் சுற்றி வளைந்து போவது தெரியும். பழக்கத்தில் எல்லோரும் ஃபேன் பெல்ட் என்கிறோம். அந்தச் சக்கரங்களுக்குப் புல்லி என்று பேர். பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்நேட்டரையும் ஏசி கம்ப்ரசரையும் இந்த பெல்ட்தான் சுற்றுகிறது. பல வண்டிகளில் என்ஜினுக்குத் தண்ணீர் சுற்றவிடும் வாட்டர் பம்ப்பும் இதில்தான் ஓடுகிறது.

இது வழுக்க மூன்று காரணங்களைச் சொல்லலாம். ஒன்று, பெல்ட் தேய்ந்தோ தளர்ந்தோ போவது. பெல்ட்டை விறைப்பாக வைத்திருக்கும் ஸ்பிரிங் அமைப்புக்கு டென்ஷனர் என்று பேர், அது சோர்ந்துபோனாலும் இதே நிலைதான். இரண்டு, ஆயிலோ, என்ஜினைக் குளிரவைக்கும் கூலன்டோ பெல்ட்டின்மேல் சிந்துவது. மூன்றாவதைத்தான் பலர் தவற விடுகிறார்கள். ஏதாவது ஒரு புல்லியின் பேரிங் இறுகி, புல்லி சுற்றாமல் நின்றுவிடும். பெல்ட் பாவம், நன்றாகத்தான் இருக்கும். நிற்கிற சக்கரத்தின்மேல் தேய்ந்து தேய்ந்து அது கருகும். அந்த நிலையில் பெல்ட்டை மட்டும் மாற்றினால் புது பெல்ட்டும் சில நாளில் கருகும்.

சோதனை எளிது. மதுரையின் மே மாத வெயிலில் ஏசியை முழுதாகப் போட்டதும் 'கீய்' என்ற சத்தத்தோடு வாடை வந்து, ஏசியை அணைத்ததும் இரண்டும் அடங்கினால் சந்தேகம் பெல்ட்டின் மேலும் கம்ப்ரசரின் மேலும் விழும். பல வண்டிகளில் ஏசி அணைந்திருக்கும்போது கம்ப்ரசரின் உள்பகுதி நிற்கும், வெளிப் புல்லி மட்டும் சும்மா சுற்றும். அதனால் ஏசியை அணைத்தும் சத்தமும் வாடையும் தொடர்ந்தால் மற்ற புல்லிகளையோ, அந்த வெளிப் புல்லியின் பேரிங்கையோ பார்க்க வேண்டும். என்ஜினை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி, ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிப் பார்த்தால் இறுகியது எது என்று தெரிந்துவிடும். மெக்கானிக்குக் கொஞ்ச நேர வேலைதான் இது. இதைச் செய்யாமல் பெல்ட்டை மாற்றச் சொல்பவரிடம் ஏன் என்று கேளுங்கள்.

பெல்ட்டில் வெடிப்பு இல்லாவிட்டால் நல்ல பெல்ட் என்ற எண்ணம் பழைய காலத்து பெல்ட்டுக்குப் பொருந்தியது. இப்போது வரும் ஈபிடிஎம் ரப்பர் பெல்ட் பெரும்பாலும் வெடிப்பதில்லை, சோப்பு மாதிரி தேய்கிறது. உள்பக்க வரிகளின் ஆழம் குறைந்திருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். இன்னொன்று, மாவு மில்லில் பெல்ட் வழுக்கினால் குங்கிலியம் தடவுவார்கள். அந்த நினைப்பில் கார் பெல்ட்டில் எதையும் தடவவோ ஸ்பிரே அடிக்கவோ வேண்டாம். சத்தம் கொஞ்ச நாள் அமுங்கும், இறுகிய பேரிங் உள்ளேயே இருக்கும்.

என்ஜினுக்குள் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூடவைக்கும் டைமிங் பெல்ட்டையும் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது பல் வைத்தது, மூடிக்குள் இருப்பது, இப்படி வழுக்கி வாடை தருவதில்லை. பல கார்களில் அந்த வேலைக்கு பெல்ட்டே கிடையாது, செயின்தான்.

கிளட்ச்: சாணைக்காரரின் சக்கரம்

தெருவில் சாணை பிடிப்பவர் சுற்றுகிற கல்லில் கத்தியை அழுத்துகிறார். பொறி பறக்கிறது, கத்தி சூடாகிறது. கத்தியும் கல்லோடு ஒட்டிக்கொண்டு சேர்ந்தே சுற்றுவதாக நினைத்துப் பாருங்கள். பொறியும் வராது, சூடும் வராது. கிளட்சின் முழு ரகசியமும் இதற்குள் இருக்கிறது.

என்ஜின் ஓடும்வரை அதன் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். நிற்கும் காரின் சக்கரங்களோ அசைவதில்லை. இரண்டையும் சேர்க்கவும் பிரிக்கவும் நடுவில் இருக்கும் உராய்வுத் தட்டுதான் கிளட்ச் பிளேட். பெடலை முழுதாக மிதித்தால் தட்டு விலகும். முழுதாக விட்டால் ஒட்டிச் சேர்ந்து சுற்றும். இரண்டு நிலையிலும் சூடு இல்லை. பாதி மிதித்த நிலையில்தான் அது சாணைக்கல்லில் வைத்த கத்தி. கிளம்பும்போது ஓரிரு விநாடி அப்படி இருப்பது இயல்பு, தட்டு அதைத் தாங்கும். சிம்மக்கல் நெரிசலில் அரை கிளட்சிலேயே ஊர்ந்தால் தாங்காது. விடுமுறை நாளில் வெள்ளி நீர்வீழ்ச்சிப் பக்கம் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும்போது, பிரேக்கைப் பிடிக்காமல் அரை கிளட்சும் ஆக்சிலேட்டருமாக மேட்டில் காரைத் தாங்கி நிறுத்தினால் இன்னும் மோசம். என்ஜின் தரும் சக்தி மொத்தமும் அந்தத் தட்டில் சூடாக இறங்குகிறது. மேட்டில் ஹேண்ட் பிரேக் போட்டு நின்று, கிளட்ச் பிடிக்கும் இடம் வந்ததும் அதை இறக்கிக் கிளம்புவதே சரியான முறை.

ஒருமுறை வாடை வந்துவிட்டதால் தட்டு முடிந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் தேவையில்லாமல் மாற்றப்படும் கிளட்ச் பிளேட்டுகள் அதிகம் என்பது என் எண்ணம். காரை ஓரங்கட்டி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். பிறகு சமதளத்தில், சாலை காலியாக இருக்கும்போது, மேல் கியரில் மிதமான வேகத்தில் போய் ஆக்சிலேட்டரை அழுத்துங்கள். என்ஜின் சத்தமும் என்ஜின் சுற்றைக் காட்டும் முள்ளும் ஏறி, வேகம் மட்டும் ஏறாவிட்டால் தட்டு வழுக்குகிறது. மாற்றத்தான் வேண்டும். இரண்டும் சேர்ந்தே ஏறினால், வாடை மறுபடி வராதவரை தொட வேண்டாம்.

கிளட்ச் பெடல் இல்லாமல் கியரைத் தானே மாற்றும் ஏஎம்டி வண்டி வைத்திருப்பவர்கள் தங்களுக்குக் கிளட்சே இல்லை என்று நினைக்கிறார்கள். நம் நாட்டில் 2014-இல் மாருதி செலேரியோவில் அறிமுகமாகி இப்போது பல சின்னக் கார்களில் இருக்கும் இந்த முறையில், கிளட்ச் பிளேட் உள்ளேயே இருக்கிறது. மிதிக்கும் வேலையை மட்டும் எந்திரம் பார்த்துக்கொள்கிறது. மேட்டில் பிரேக் இல்லாமல் ஆக்சிலேட்டரால் தாங்கி நிறுத்தினால் அதுவும் கருகும்.

பிரேக்: இறக்கத்தில் 6 யூனிட்

ஏறும்போது கிளட்ச் படும் பாட்டை இறங்கும்போது பிரேக் படுகிறது. கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம். அங்கிருந்து வத்தலக்குண்டுக்கு வருவதற்குள் சுமார் 1,800 மீட்டர் இறங்குகிறோம். ஆட்களோடு 1,200 கிலோ எடையுள்ள கார் அவ்வளவு இறங்கும்போது வெளியேற்ற வேண்டிய ஆற்றலைக் கணக்கிட்டால், வீட்டு மின்மீட்டர் கணக்கில் கிட்டத்தட்ட 6 யூனிட் வரும். 1,000 வாட் அயர்ன்பாக்ஸை ஆறு மணி நேரம் போட்டுவைத்தால் வரும் சூடு அது. காற்று கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மிச்சத்தை என்ஜின் வாங்க வேண்டும், இல்லையென்றால் பிரேக் வாங்க வேண்டும்.

ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வது இதற்குத்தான். இரண்டாம் அல்லது மூன்றாம் கியரில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், என்ஜினே வண்டியைப் பின்னுக்கு இழுத்து வேகத்தைக் கட்டுப்படுத்தும். இதற்கு என்ஜின் பிரேக்கிங் என்று பேர். நியூட்ரலில் விட்டால் அந்தச் சூடு முழுக்க பிரேக்கில் இறங்கும். பேட் கருகி வாடை வரும். பிறகு பிரேக் ஆயிலும் கொதிக்கலாம். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பழசானபின் அந்த அளவு 140 டிகிரி. பெடல் மெத்தென்று உள்ளே போனால் ஆயில் கொதித்துவிட்டது என்று கொள்ளுங்கள். கியரைக் குறைத்து உடனே ஓரங்கட்டுங்கள். சக்கரத்தோடு சுற்றும், பேட் அழுத்திப் பிடிக்கும் இரும்புத் தட்டுக்கு டிஸ்க் என்று பேர். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், அது கோணிக்கொள்ளும். காற்றில் ஆறட்டும்.

சமதளத்திலும் வாடை வந்தால், பிரேக் பிடித்தபின் விடாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். டிஸ்க்கை இருபக்கமும் கவ்விப் பிடிக்கும் பாகத்துக்குக் காலிப்பர் என்று பேர். அது துருவால் இறுகினாலும், ஹேண்ட் பிரேக் கேபிள் சிக்கினாலும் ஒரு சக்கரம் மட்டும் சதா உரசும். பிரேக்கை அதிகம் பிடிக்காமல் 10 கிலோமீட்டர் ஓட்டி நிறுத்துங்கள். எங்கள் மெக்கானிக் அண்ணன் செய்தது போலப் புறங்கையைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் வையுங்கள், தொட வேண்டாம். முன் சக்கரங்கள் பின்னவற்றைவிடச் சூடாக இருப்பது இயல்பு. ஆனால் இடதும் வலதும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அனலடித்தால் ஆள் அகப்பட்டுவிட்டார்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: ஏசி போட்டதும் வந்தால் பெல்ட் பக்கம், மேட்டில் ஊர்ந்தபோது வந்தால் கிளட்ச், இறக்கத்திலோ ஓடி நின்றபிறகோ வந்தால் பிரேக்.

டயர்

வளைவிலும் பள்ளத்திலும் மட்டும் 'சர்ர்' என்ற உரசலோடு வாடை வந்தால், டயர் மட்கார்டின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உறையில் படுகிறது. ஆணி கழன்று தொங்கும் உறை, கம்பெனி அளவைவிடப் பெரிய டயர், கல்யாணச் சாமான் அத்தனையும் ஏற்றிய டிக்கி, குறைந்த காற்று. இவற்றில் ஒன்றாக இருக்கும். டயரின் ஓரம் ஒரே இடத்தில் பளபளவென்று தேய்ந்திருந்தால் அதுவே சாட்சி.

வெளியிலிருந்து வந்து ஒட்டுபவை

சைலன்சர் குழாயின் முன்பகுதி பல நூறு டிகிரி சூட்டில் இருக்கும். ரோட்டில் பறக்கும் பாலித்தீன் பை அதில் ஒட்டினால் இரண்டு மூன்று நாள் நாறும். குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தாலே தெரியும், ஆறியபின் சுரண்டி எடுத்துவிடலாம். என்ஜினின் மேல்மூடியான டாப்பட் கவரின் பேக்கிங் வழியாகக் கசியும் ஆயில் சூடான குழாயில் சொட்டினாலும் கருகல் வாடை வரும். அதில் எண்ணெய்க் காட்டமும் மெல்லிய புகையும் கலந்திருக்கும்.

உசிலம்பட்டி, பேரையூர் பக்கம் அறுவடை நாளில் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கொள்ளுச் செடியையும் சோளத்தட்டையையும் ரோட்டிலேயே பரப்பியிருப்பார்கள். அதன்மேல் கார் ஏறிப் போகும்போது தட்டை அடியில் சுற்றிக்கொண்டு சூடான குழாயில் படும். இது நாற்றத்தோடு நிற்காது, தீயே பிடிக்கும். தாண்டியதும் கொஞ்ச தூரத்தில் நிறுத்தி அடியில் பாருங்கள். காய்ந்த புல் மேலும் வண்டியை நிறுத்தாதீர்கள்.

ஒயர்: காத்திருக்கக் கூடாத வாடை

மற்றவற்றில் யோசிக்க நேரம் இருக்கிறது. இதில் இல்லை. ஒயரின் மேல் உறை பிவிசி பிளாஸ்டிக். அது கருகும் வாடை மூக்கைக் குத்தும், கண்ணைக் கரிக்கும். பெரும்பாலும் டேஷ்போர்டுப் பக்கமிருந்தோ ஏசி காற்றோடோ வரும். வண்டி நின்றிருக்கும்போதும் வரும் என்பது முக்கியமான அடையாளம்.

முன்பு வீட்டு ஃபியூஸ் கட்டையில் மெல்லிய கம்பி கட்டியிருப்போம். மின்சாரம் அளவு மீறினால் அந்தக் கம்பி முதலில் உருகிச் சுவருக்குள் போகும் ஒயரைக் காப்பாற்றும். அடிக்கடி போகிறதே என்று தடித்த செம்புக் கம்பியைக் கட்டினால் ஒயரே ஃபியூஸாகிவிடும். காரிலும் அதே விதிதான். 10 ஆம்பியர் ஃபியூஸ் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள். சிவப்பு இருந்த இடத்தில் மஞ்சளைச் செருகினால் பாட்டு வரும், லைட் எரியும், உள்ளே ஒயர் கருகத் தொடங்கும். வெளியே வாங்கி மாட்டிய ஹாரன், ஹெட்லைட், மியூசிக் சிஸ்டம் ஆகியவற்றுக்காக இழுத்த ஒயரையும், எலி கடித்த இடங்களையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்த வாடை வந்தால் என்ஜினை அணைத்து, சாவியை எடுத்து, எல்லோரும் இறங்கித் தள்ளி நில்லுங்கள். பானெட் இடுக்கில் புகை வந்தால் மூடியை அகலத் திறக்காதீர்கள். உள்ளே காற்று புகுந்தால் தீ எழும்பும். 112-க்கு அழையுங்கள்.

மெக்கானிக்கிடம் எப்படிச் சொல்வது

"ரப்பர் வாடை வருது" என்று மட்டும் சொன்னால் அவரும் ஊகிக்கத்தான் வேண்டும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அண்ணே, காலையில ஸ்டார்ட் பண்ணும்போது இல்ல. வாடிப்பட்டி தாண்டி அரை மணி நேரம் ஓடின பிறகு, நிறுத்தினா வருது. ஏசி போட்டாலும் அணைச்சாலும் ஒண்ணுதான். இடது பக்கம் இறங்குறவங்களுக்கு அதிகமா தெரியுது." இதற்குப் பிறகு அவர் பானெட்டைத் திறக்கமாட்டார், ஜாக்கியை எடுப்பார்.

ஏதாவது மாற்றினால் கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வழுக்கிய பெல்ட்டின் உள்பக்கம் கண்ணாடி போல மினுங்கும். எரிந்த கிளட்சில் தட்டு கறுத்து, அதோடு உரசும் இரும்புப் பரப்பில் நீலம் பாய்ந்திருக்கும். எங்கள் காரில் கழற்றிய தட்டை நான் பிறகு போய்க் கேட்டு வாங்கினேன். கறுப்பும் இல்லை, நீலமும் இல்லை. பாதிக்கு மேல் தேயாமல் இருந்தது.